நாற்பது மணி நேரம்

பச்சை வெல்வெட் துணியை விரித்து
மூன்று கைக்கடிகாரங்களை வைத்தார் ஹால்வார்,
அறுவைக்கு முன் கத்திகளை அடுக்குவதுபோல்.
வெளியே திரோம்சோ நகரம்
பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கேற்றியிருந்தது.

என் கேள்விகள் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.
காட் மீனின் வயிற்றைக் கிழிக்கும்போது
கொழுப்பு வார்ப்பூட்டுக்குள் ஏறுமா?
ஷிஃப்ட் முடிந்ததும் வெந்நீரைப் பீய்ச்சி மேசை கழுவுவோம்,
தாங்குமா?
ரப்பர் கையுறையோடு திருகைத் திருப்ப முடியுமா?
நூறு மீட்டர் ஆழம்வரை கவலையில்லை என்றார்.
எனக்கு முழங்கை ஆழம் போதும்,
ஆனால் தினமும் எட்டு மணி நேரம்,
இன்னும் இருபது வருடம்.

முதலாவது தங்கம்.
பார்த்ததும் என் மணிக்கட்டு
ஸ்வெட்டருக்குள் போய் ஒளிந்துகொண்டது.
பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்து
மகளுக்குக் கொடுக்கலாம் என்றார்.
பெட்டியோடு வந்தது எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது:
அத்தை ரன்வைக்கின் வெள்ளிக் கரண்டிகள், பன்னிரண்டு.
அவற்றால் அவள் ஒருநாளும் கஞ்சி குடித்ததில்லை.
வருடம் ஒருமுறை துடைக்கிறேன்.
துடைக்கும்போது தெரிவது என் முகம்தான், தலைகீழாக.

இரண்டாவதற்கு நீலக்கல் கண்ணாடி.
கீறலே விழாது,
பேரப்பிள்ளைகள் காலத்திலும் இன்றுபோலவே இருக்கும் என்று
தன் கடைச் சாவியாலேயே கீறிக் காட்டினார்.
உண்மைதான். ஒரு தடமும் இல்லை.
அப்படியென்றால்
நான் கட்டியிருந்தேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?
வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.
ஹால்வார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது எஃகு. மேலே குவிந்த பிளாஸ்டிக்.
கீறல் விழும், பற்பசை வைத்துத் தேய்த்தால்
பாதி போய்விடும் என்றார்.
மீதிப் பாதிக்காகத்தான் வாங்குகிறேன் என்றேன்.
விலை, இரண்டு வார இரவு ஷிஃப்ட்.
பின்புறம் பெயர் பொறிக்கட்டுமா?
யார் பெயர் என்று இன்னும் முடிவாகவில்லை.

பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்:
பேட்டரி கிடையாது.
கை அசைய அசையத் தானே முடுக்கிக்கொள்ளும்.
கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரம்.
பிறகு நின்றுவிடும்.

வடக்கே போகும் கப்பலில், ஆறிய காபியோடு,
கணக்குப் போட்டேன்.
எங்கள் ஊரில் ஒருவரைப் புதைக்க
ஒரு வாரமாவது ஆகும்.
பாதிரியார் அடுத்த ஃபியோர்டிலிருந்து வர வேண்டும்,
பனிச்சரிவு என்றால் சாலையை மூடிவிடுவார்கள்.
நான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போனால்
இது ஞாயிறு காலை வரை ஓடும்,
என்னை விட ஒன்றரை நாள் கூடுதலாக,
விஷயம் தெரியாமல்.
இடையில் யாராவது கையில் எடுத்தால் ஒழிய.
எடுத்தால்
உள்ளே அந்த அரைவட்டத் தகடு ஒருமுறை புரளும்,
அவ்வளவு போதும்.
நேரம் தவறாக இருக்கும்.
திருத்திக்கொள்வது அவள் பாடு.

நள்ளிரவுக்குச் சற்று முன் போட்ஸ்ஃபியோரில் இறங்கினேன்.
தூங்க வேண்டிய இல்வா தூங்கவில்லை.
ஒன்பது வயது. அவளுக்கு ஒரே கேள்வி:
இருட்டில் மின்னுமா?
ஜனவரி வரை சூரியன் வராத ஊரில்
இதை நான் கடையில் கேட்க மறந்திருந்தேன்.
போர்வைக்குள் இருவரும் நுழைந்து பார்த்தோம்.
பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள், இரண்டு முள்.
அவள் மூச்சில் கண்ணாடி மங்கி, பிறகு தெளிந்தது.
அப்படியே பைஜாமா கை மேல் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள்.
கழற்றினால் விழித்துவிடுவாள்.

காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலையில்
பக்கத்து மேசைக்காரனிடம் மணி கேட்டேன்.
புதுக் கடிகாரம் எங்கே என்றான்.
வீட்டில் ஓடுகிறது என்றேன்.

சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாள், கண்ணைப் பார்க்காமல்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு கீறல்,
கட்டிலின் இரும்புக் காலில் பட்டதாம்.
குளியலறையில் பற்பசை இருந்தது.
எடுத்துப் பல் துலக்கினேன்.